சுருங்கினால் தொடாதே

ஜூன் 2, செவ்வாய்

காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒட்டியவை இரண்டு. கிழிந்தது ஒன்று. இன்னொன்று என் விரலில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

இதை ஸ்டிக்கர் என்று சொல்லக் கூடாதாம், டெக்காலாம். முதலாளி திருத்தினார். ஒட்டினால்தானே ஸ்டிக்கர்? இது ஒட்டுவதே இல்லை, அதனால்தான் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 3, புதன்

கோபம் வந்தால் எழுதிவை என்று மனைவி சொன்னாள். எழுதுகிறேன். நோட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

டிரைவிங் ஸ்கூலில் பத்தொன்பது வருடமாக வாத்தியார் நான். போன மாதம் மேம்பாலத்து ஏற்றத்தில் கற்றுக்கொள்ள வந்த ஒரு நர்ஸம்மாவுக்கு வண்டி நாலு தடவை ஆஃப் ஆனது. நாலாவது தடவை நான் போட்ட சத்தம் பாலத்துக்குக் கீழே போனவர்களுக்கும் கேட்டிருக்கும். அந்த அம்மா ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், சாவியை என் கையில் வைத்தார், இறங்கி நடந்தே போய்விட்டார். மறுநாள் புகார் வந்தது. இந்த வருடத்தில் மூன்றாவது.

முதலாளி என்னைத் திட்டவில்லை. "வாத்தியாரே, சொல்லிக்கொடுக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா பக்கத்துல உக்காரத்தான் உங்களுக்குத் தெரியல" என்றார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பாகம் பாகமாக ஒரு பொம்மை ராலி கார், பந்தய வண்டி; சேர்த்துக் கட்டினால் ஒரு சாண் நீளம். அவருக்கு இதுதான் பைத்தியம். அறை முழுக்கக் கண்ணாடிக்குள் கார்களாக நிற்கும். "இதை முடிச்சு 27-ம் தேதி கொண்டுவாங்க. அதுவரைக்கும் லீவுல இருங்க. பார்த்துட்டு வேலையைப் பத்திப் பேசலாம்."

காரைக் கட்டி, வெள்ளைப் பெயின்ட் அடிப்பதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் காரின்மேல் எண்ணும் எழுத்துமாக ஒட்ட வேண்டிய இந்த ஐம்பத்தெட்டு டெக்கால்தான். என் வேலை இப்போது தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்கிறது.

ஜூன் 5, வெள்ளி

வெதுவெதுப்பான தண்ணீரில் முப்பது விநாடி. காகிதத்திலிருந்து தானாக வழுக்கி வரும் என்று குறிப்பில் போட்டிருக்கிறது. தானாகவாம்! மூன்று நிமிடம் ஆகியும் அசையவில்லை. பெட்டி பதினைந்து வருடம் அவர் அலமாரியில் கிடந்திருக்கிறது, பசையெல்லாம் கல்லாகிவிட்டது. இடுக்கியால் லேசாகத் தள்ளினேன். லேசாகத்தான் — சரி, கொஞ்சம் வேகமாக. சுருண்டு பீடி மாதிரி ஆகிவிட்டது. பிரிக்கப் பிரிக்க இன்னொரு பக்கம் ஒட்டுகிறது.

நல்லபடியாக உட்கார்ந்த மூன்றும் காய்ந்ததும் வெளுத்துப் போயின. அடியில் காற்று மாட்டிக்கொண்டதாம். முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்திருக்க வேண்டுமாம். அது குறிப்பின் பின்பக்கத்தில் இருக்கிறது. பின்பக்கத்தில் எவனாவது முக்கியமான விஷயத்தை எழுதுவானா?

ஜூன் 8, திங்கள்

காரின் கூரையில் 6 என்ற எண்ணை ஒட்டினேன். மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒன்பதா?" என்றாள். பின்னாலிருந்து பார்த்தால் ஆறுதான் என்று அரைமணி நேரம் வாதாடினேன். அவள் வாதாடவில்லை. கிளம்பி வேலைக்குப் போய்விட்டாள்.

பிரித்துத் திருப்பி ஒட்டினேன்.

ஜூன் 9, செவ்வாய்

கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். "யாரைங்க இப்படித் திட்டறீங்க? வீட்ல அவங்க இல்லையே?"

"ஸ்டிக்கரைத் திட்டறேன்."

"நல்லா திட்டுங்க. அது புகார் குடுக்காது."

ஊருக்கே தெரிந்திருக்கிறது.

ஜூன் 12, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

வலது கதவின் பெரிய 6. கதவு வளைகிற இடத்தில் டெக்கால் படியாமல் நின்றது. அதற்கென்று சின்ன பாட்டிலில் ஒரு மருந்து இருக்கிறது. தடவினால் இளகி, வளைவோடு படியும். தடவினேன். இரண்டு நிமிடத்தில் அந்த 6 வெந்நீரில் ஊறிய விரல் மாதிரி சுருங்க ஆரம்பித்தது. குறிப்பில் தெளிவாக, முன்பக்கத்திலேயே, போட்டிருக்கிறது: சுருங்கினால் தொடாதே, காய்ந்ததும் தானே சமமாகும்.

படித்தேன். படித்துவிட்டும் கை போய்விட்டது. கண்ணெதிரே ஒன்று கெட்டுப்போகும்போது எப்படிய்யா சும்மா உட்கார்ந்திருக்கிறது? விரல் பட்டதும் 6 நடுவில் இரண்டாகக் கிழிந்தது. துண்டுகளைச் சேர்த்து வைத்தேன். குறுக்கே கோடு தெரிகிறது. குருடனுக்கும் தெரியும். மாற்றுத்தாள் கிடையாது.

இதைக் கொண்டுபோய்க் காட்டினால் முதலாளி என்ன சொல்வார்? ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு வேலை தேட வேண்டுமா?

ஜூன் 13, சனி

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பொம்மைக்கார் கடையில் இதே கார், எவனோ அழகாகச் செய்து முடித்தது, ஜன்னலில் விற்பனைக்கு இருக்கிறது. அதை வாங்கி என்னுடையது என்று நீட்டிவிடலாம் என்று ஏழு மணிக்கே கிளம்பினேன். கடை திறப்பது பத்து மணிக்கு. திருடப் போகிறவனுக்கு நேரம் எங்கே தெரிகிறது.

சிக்னலில் எங்கள் ஸ்கூல் கார் நின்றுகொண்டிருந்தது. பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னால் ஒரே ஹாரன். கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டார்கள், நூறு அடி தள்ளியிருந்தே எனக்குத் தெரிந்தது. பக்கத்து சீட்டில், புதிதாகச் சேர்ந்த வாத்தியார்ப் பெண், வாயே திறக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் என் மனைவி.

தினமும் காலையில் நடக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவள்.

விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவள் மறுபடி ஸ்டார்ட் செய்தாள். வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பிப் போனது. நான் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

கேட்டுவிட்டேன். "ஏன் என்கிட்ட சொல்லல? வீட்லயே வாத்தியாரை வெச்சுக்கிட்டு வெளியில போய்க் கத்துக்கறே?"

"உங்ககிட்டதான் மொதல்ல கேட்டேன். பதினோரு வருஷம் ஆச்சு. முக்குல திரும்பறதுக்குள்ள என்னை அழ வெச்சீங்க. இறங்கி நடந்து வந்தேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவள் அன்றைக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டதாகத்தான் ஞாபகம் வைத்திருந்தேன்.

"உங்ககிட்டயே கத்துக்கிட்டிருந்தா நல்லாத்தான் ஓட்டியிருப்பேன். உங்களோட குடும்பம் நடத்தியிருக்க மாட்டேன்."

ரொம்ப வலித்தது. நர்ஸம்மாவின் புகாரைப் படித்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

ஜூன் 17, புதன்

இடது கதவின் 6. மருந்தைத் தடவினேன். சுருங்க ஆரம்பித்ததும் கை துடித்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே ஓடி, தையல்காரரிடம் சாவியைக் கொடுத்தேன். "ஒரு மணி நேரத்துக்கு நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

பத்தாவது நிமிடத்தில் கேட்டேன். கொடுக்கவில்லை. இருபதாவது நிமிடத்தில் அதட்டினேன். பட்டன் டப்பாவை என் மடியில் வைத்து, "நிறம் பிரிச்சு வைங்க" என்றார். பிரித்தேன். இப்படி ஒரு பிழைப்பு.

மேலே போய்ப் பார்த்தால் பெயின்டில் எழுதியது போலப் படிந்திருக்கிறது. சந்தோஷப்படத் தெரியாமல் நின்றேன்.

ஜூன் 22, திங்கள்

டெஸ்டில் பாஸாகிவிட்டாள். "ரிவர்ஸ்ல கொஞ்சம் சொதப்பினேன்" என்றாள். எப்படிச் சொதப்பினாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜூன் 26, வெள்ளி

ஐம்பத்தெட்டும் முடிந்தன. வலது கதவு அப்படியேதான் இருக்கிறது. பொய் சொல்லப் போவதில்லை.

ஜூன் 27, சனி

டெக்கால்மேல் அடித்த வார்னிஷ் முழுசாகக் காயவில்லை. பெட்டியில் போட்டால் உரசும், மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். "மடியில வெச்சுக்கிட்டு நீங்க எப்படி ஓட்டுவீங்க? நான் கொண்டுபோய் விடறேன்" என்றாள். எங்கள் பழைய காரில் ஸ்கூல் கார் மாதிரி என் பக்கம் பிரேக் கிடையாது. இரண்டு கையிலும் பொம்மைக்கார் வேறு. வாழ்க்கையில் நான் இப்படி மாட்டிக்கொண்டதே இல்லை.

முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது கிழிஞ்சிருக்கே?"

"சுருங்கும்போது தொட்டுட்டேன்."

திருப்பிப் பார்த்தார். "இந்தப் பக்கம் சுத்தமா இருக்கே?"

"அப்ப நான் வீட்லயே இல்லை."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கீழே மனைவி காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். "அவங்களா ஓட்டிட்டு வந்தாங்க? இருங்க" என்று சொல்லி இறங்கிப் போனார். காரோரம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள்.

திரும்பி வந்தார். "வழியில ஒரு தடவைதான் கத்தினீங்களாம். திங்கட்கிழமை வந்துடுங்க."

நான் கத்தியது மூன்று தடவை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், எனக்காக ஏன் பொய் சொன்னாய் என்று. "பொய் என்ன பொய்? ஒண்ணு லாரி, இன்னொண்ணு அந்த சைக்கிள்காரர். அதுக்குக் கத்தாம இருந்திருந்தா ஆளே போயிருப்பாரு. அதெல்லாம் நான் சேர்க்கலை" என்றாள்.

மிச்சம் இருப்பது ரவுண்டானா. அங்கே அவள் சரியாகத்தான் திரும்பினாள். நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டுக் கத்தினேன். அதை அவளிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.