வேலிக்கு வெளியே ஒரு ஹாரன்

எல்ம்ஹேவன், மிச்சிகன்
ஏப்ரல் 4, 2021

அன்புள்ள கெரிட்டுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். மூன்று மைல் தள்ளி, கல்லூரி மைதானத்து ஓரத்தில் கேரவனில் குடியிருக்கும் புருஷனுக்குக் கடிதம் எழுதுகிற பொம்பளை இந்த மாநிலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது? போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை வந்துவிடுகிறது. கொரோனா வார்டில் வேலை பார்க்கிற மனைவியோடு ஒரே வீட்டில் இருந்தால் பேஸ்பால் கோச் வேலை பார்க்கக்கூடாது என்று கல்லூரி சொன்னது. நீ அன்று சாயங்காலமே பெட்டி கட்டினாய். அதைப் பற்றி எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். சரி, விடு.

துவைத்த துணியோடு பட்டாணி சூப்பும் வைத்திருக்கிறேன். சூடு பண்ணிக் குடி, அப்படியே குடிக்காதே. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக உன் கால்சட்டைப் பையில் சூரியகாந்தி விதைத் தோல் இல்லாமல் துணி வருகிறது. விதையைக் கொரித்து மைதானத்தில் துப்பக்கூடாது என்று தடை போட்டதற்காகவாவது இந்த நோய்க்கு ஒரு கும்பிடு போடலாம் என்று நினைத்தேன். வார்டுக்குப் போனதும் அந்த நினைப்புப் போய்விட்டது. மறுபடியும் எல்லாக் கட்டிலும் நிறைந்துவிட்டது. ஊசி வந்துவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊரே பேசுகிறது. எங்கள் வார்டுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

நேற்று உன் டீம் பையன்கள் நன்றாக ஆடினார்கள். காலையில் பனியைத் தள்ளிவிட்டு மத்தியானம் அந்தச் சேற்றிலேயே ஆடினார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். பார்த்தேன். எங்கே இருந்து என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. நோயாளியைப் பற்றி வெளியே பேசினேன் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும்.

உன் டீமில் பந்து வீசுகிற பிட்சர் காலெப்பின் அப்பா ஆர்வின் டைக்ஸ்ட்ரா செவ்வாய்க்கிழமை எங்கள் வார்டுக்கு வந்தார். மூச்சு வாங்குகிறது. ஆக்சிஜன் வைத்திருக்கிறோம். மனைவியும் போய்விட்டாள், மகனை விட்டால் அவருக்கு யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். மகனுக்குச் சொல்லவா என்று கேட்டேன். மனுஷன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சொன்னா, நான் உன்னோட பேசவே மாட்டேன் மார்லிஸ். அவன் உடனே கிளம்பி வந்துடுவான். இந்த வார்டுக்கு வந்தா திரும்ப டீமுக்குள்ள சேர்த்துக்க மாட்டாங்க. போன வருஷம் பாதி சீசன்லயே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்குப் பதிலா இந்த ஒரு வருஷம் கொடுத்திருக்காங்க. இதையும் நான் கெடுக்கவா?" என்றார். அவ்வளவு பேசியதற்கே அரை மணி நேரம் மூச்சு வாங்கியது.

அப்புறம் என்ன கேட்டார் தெரியுமா? பார்க்கிறவர்களை நீங்கள் உள்ளே விடாததால் பெற்றோர்கள் எல்லாம் வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார்களே, அந்த வரிசையில் இடது கோடியில் பச்சை வண்டி அவருடையதுதான். காலெப் ஒரு மட்டைக்காரனை மூன்று பந்தில் ஏமாற்றி அனுப்பினால் அவர் ஹாரன் அடிப்பார், இவன் தொப்பியைத் தொடுவான். நீ தினம் பார்க்கிறதுதான். சனிக்கிழமை அந்த வண்டி அங்கே இல்லையென்றால் பையன் கண்டுபிடித்துவிடுவான், அதனால் நீ கொண்டுபோய் நிறுத்து என்று என்னிடம் சாவியை நீட்டுகிறார். நான் நர்ஸா, டிரைவரா என்று கேட்டேன். "நர்ஸுக்கு யாரும் டிப்ஸ் தர்றதில்ல, யோசிச்சுக்கோ" என்றார்.

நேற்று அந்த வண்டியில் இருந்தது நான்தான். ஆர்வினின் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஹாரன் அடித்தேன். பையன் தொப்பியைத் தொட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டிக்குள் தூண்டில் புழு நாற்றம், அதனால்தான் கண் எரிந்தது என்று வைத்துக்கொள்.

நீயும் வாயைத் திறக்காதே. இரண்டு வாரத்தில் எழுந்து வந்துவிடுவார்.

மார்லிஸ்


ஏப்ரல் 23, வெள்ளி சாயங்காலம்

கெரிட்,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நேரமில்லை.

ஆர்வின் எழுந்து வரமாட்டார் போலிருக்கிறது. ஆக்சிஜனை இதற்கு மேல் கூட்ட முடியாது. நாளை வெண்டிலேட்டர் போட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையிலேயே போடலாம் என்றார். ஆர்வின் முடியாது என்று தலையாட்டினார். மேட்ச் முடியட்டுமாம். ரேடியோவில் கேட்டுவிட்டு அப்புறம் போட்டுக்கொள்வாராம். டாக்டர் சத்தம் போட்டார், நான் சத்தம் போட்டேன். அந்த மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தொண்டையில் குழாய் போட்டுவிட்டால் பேச முடியாது. மயக்கத்திலேயே வைத்திருப்போம். அவர் வயதில், இந்த நிலைமையில், அந்த மயக்கத்திலிருந்து திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் உன்னிடம் எதையும் பூசி மெழுகவில்லை.

குழாய் போடுவதற்கு முன்னால் சொந்தக்காரர் ஒருவர் உள்ளே வந்து பார்க்கலாம் என்று இப்போது விட்டிருக்கிறார்கள். போன வருஷம் அதுகூட இல்லை. போன வருஷம் நான் என் போனை நோயாளிகள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்தி அழும். கை வலித்தாலும் மாற்ற முடியாது. அதையெல்லாம் உன்னிடம் சொன்னதில்லை. நீ மைதானத்தில் இருந்தாய்.

உன் துண்டுச்சீட்டு வந்தது. "சீசன் முடியட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாய். பக்குவம்! நாளைய மேட்ச் ஜெயித்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போவீர்கள் என்று எனக்கும் தெரியும். காலெப் வீசாவிட்டால் ஜெயிப்பது கஷ்டம் என்றும் தெரியும். அவன் அந்த வேலியைத் தாண்டினால் இந்த வருஷம் அவனுக்கு அவ்வளவுதான் என்றும் தெரியும். முப்பது வருஷமாக உன் தோல்விகளுக்கெல்லாம் சூப் வைத்துக் கொடுத்தவள் நான். எனக்கு நீ ஆட்டத்தைச் சொல்லித் தர வேண்டாம்.

சொல்லாதே என்று முதலில் எழுதியவளும் நான்தான். அது தப்பு. அவர் பிழைத்துவிடுவார் என்று நம்பி எழுதினேன். இன்று மத்தியானம் அவர் என் கையைப் பிடித்து, நான் காலெப்பிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டார். அதனால் என்னால் சொல்ல முடியாது. நீ யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

நாளைக்கும் நான் அந்த வண்டியில் வந்து நிற்பேன். அவனை நீ வேலிப் பக்கம் அனுப்பினால் நான் கூட்டிக்கொண்டு போவேன். அவ்வளவுதான் கேட்கிறேன். அவனிடம் சொல்லிவிடு, கெரிட். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மார்லிஸ்


மே 2, ஞாயிறு

அன்புள்ள கெரிட்டுக்கு,

உன் மேல் ஊரே கோபமாக இருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் ஹாங்க் என்னைப் பார்த்து, "என்னம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் கொரோனா மூளைக்கு ஏறிடுச்சா? எதிர் டீம்காரன் ஒருத்தன்கூட பந்தைத் தொட்டு ஓடல. அப்படி வீசிட்டு இருக்கிற பையனைப் போய் யாராவது நடுவுல வெளிய எடுப்பாங்களா?" என்று கேட்டான். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெட்ரோல் போடாமலே வந்துவிட்டேன், பாதி வழியில்தான் தெரிந்தது.

காலையிலேயே நீ ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கமாட்டேன். நான்கு இன்னிங்ஸ் அவன் வீசியபோது நானும்தானே ஹாரன் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு வெளியே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பையன் இன்னிங்ஸ் முடித்து வந்து பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்தான். எதிரணிக்கு ஒரு அடிகூடக் கொடுக்காமல் வீசுகிற பிட்சரிடம் யாரும் பேசக்கூடாது, அதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது, திறந்தால் ராசி போய்விடும் என்பது உங்கள் ஆட்கள் கட்டிக் காக்கிற வழக்கம். எல்லாரும் அவனை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தார்கள். நீ மட்டும் பக்கத்தில் போவதும் திரும்புவதுமாக இருந்தாய். ஐந்தாவது இன்னிங்ஸுக்கு அவன் பந்து வீசும் மேட்டில் ஏறிய பிறகு நீ உள்ளே நடந்தாய். அம்பயர்கூடத் திகைத்துப்போய் நின்றார். பந்தைக் கேட்டு நீ கையை நீட்டினாய். அவன் உன்னை ஒன்றுமே கேட்காமல் பந்தை உன் கையில் வைத்தான். எனக்கு அப்போதே என்னவோ போல் இருந்தது.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. நீ கேட்கவும் இல்லை.

வேலியைத் தாண்டிக் குதித்து வண்டிக் கதவைத் திறந்தான். அப்பா இருக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் திடுக்கிடவில்லை. "சீக்கிரம் ஓட்டுங்க" என்றான். நான்தான் தாங்க முடியாமல், இத்தனை நாளும் ஹாரன் அடித்தது நான், என்னை மன்னித்துவிடு என்று உளறினேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "தெரியும். முதல் நாளே தெரியும். எங்கப்பா ஊரே திரும்பிப் பாக்கிற மாதிரி நீட்டி ஒரே அடியா அடிப்பாரு. நீங்க யாரோ தூங்கிட்டு இருக்கிற மாதிரி பயந்து பயந்து ரெண்டு தடவை அடிச்சீங்க."

அப்புறம் ஏன் கேட்கவில்லை என்றேன். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "யாரும் பேசாம இருக்கிற வரைக்கும்தானே நல்லா போயிட்டு இருக்கும்? நான் வாயைத் திறந்து கேட்டா, அவருக்கு ஏதாவது ஆயிடும்னு நெனச்சேன். தினம் மெசேஜ் போடுவாரு, ஜலதோஷம், தொண்டை கட்டிடுச்சுன்னு. நானும் சரிப்பா, தேன் குடிங்கன்னு பதில் போடுவேன். ஹாரன் சத்தம் கேட்டா தொப்பியைத் தொட்டுடுவேன்" என்றான்.

நான் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினேன், கெரிட்.

ஆட்டச் சட்டைக்கு மேலேயே கவுன் மாட்டி, முகத்தில் இரண்டு கவசம் போட்டு உள்ளே அனுப்பினேன். அவன் ஷூவிலிருந்த சேறு வார்டு முழுக்க. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த ஆர்வினுக்கு மகனை வெளியே எடுத்தது தெரியும், ஏன் என்றும் தெரியும். என்னை ஒரு முறை முறைத்தார். நான் சொல்லவில்லை என்று கையை விரித்தேன். பிறகு அவனைப் பார்த்து, "அறிவிருக்காடா உனக்கு? இன்னும் அஞ்சு இன்னிங்ஸ்தானே இருந்துச்சு" என்றார். அவன், "கை வலிச்சுதுப்பா" என்று சொல்லிவிட்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான். அதற்கு மேல் அவர்கள் பேசியது அவர்களுடையது. நான் வெளியே வந்துவிட்டேன். கால் மணி நேரம் கிடைத்தது. அதற்கு மேல் டாக்டரால் பொறுக்க முடியவில்லை.

புதன்கிழமை ஆர்வின் போய்விட்டார். அதற்குள் ஒரு தடவைகூடக் கண் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கல்லறையில் நாங்கள் பத்துப் பேர்தான். நீ சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்ததைப் பார்த்தேன். காலெப் என்னிடம் வந்து நன்றி சொன்னான். பிறகு சத்தமே இல்லாமல் ஒன்று கேட்டான். "மூணு வாரம் இருந்துச்சு இல்ல? எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், கோச்சுக்கும் தெரியும். ஏன் எல்லாரும் சும்மா இருந்தோம்?" குத்திக் காட்டுவதற்குக் கேட்கவில்லை, கெரிட். பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

நீங்கள் அன்றே தோற்றுவிட்டீர்கள். பையன்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஊசி போட்டு நாளாகிறது, நீயும் போட்டுக்கொண்டாய் என்று கேள்விப்பட்டேன். இனி நீ வீட்டில் இருக்கக்கூடாது என்று சொல்ல யாரும் இல்லை. இருந்தாலும் நீ இன்னும் காலி மைதானத்துப் பக்கத்தில் கேரவனிலேயே இருக்கிறாய். நீயாக வருவாய் என்று நான் ஒரு வாரமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் வரலாம் என்று நீ போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாயோ என்னவோ.

அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நீ பெட்டி கட்டிய அன்று எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. போய்வா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன், அது பொய். டியூட்டி முடிந்து வந்து காரை விட்டு இறங்க மனசில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், பல நாள். இந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ரொம்பக் களைத்துப்போய்விட்டேன். உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை, நீ பக்கத்தில் இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்வேன்.

கடிதத்தின் முடிவில் கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று எழுத வேண்டும். அவர் வைத்திருப்பார். இதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே. நீ வீட்டுக்கு வா.

உன்
மார்லிஸ்