காரா-எரிக் சைரன் கணினியில் மறுபடி கைவைக்க வேண்டாம்

அனுப்புநர்:
எல்தியார் மாமிதோவ்,
கணினிப் பராமரிப்பாளர்,
காரா-எரிக் கிராம அலுவலகம்.

பெறுநர்:
தலைமை அலுவலர்,
மாவட்ட மலைவெள்ள எச்சரிக்கை அலுவலகம்.

பொருள்: டிரைவர் புதுப்பிப்பிலிருந்து எங்கள் கணினிக்கு விலக்கு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேல் ஓடையில் ஒரு மிதவை இருக்கிறது. சேற்றுவெள்ளம் அதைத் தூக்கினால், எங்கள் கணினி அதை உணர்ந்து ஊரில் சைரனை அலறவிடும். மிதவையைக் கணினியோடு இணைக்கும் மின்னணு அட்டைக்கு இருபது வயது. அதைச் செய்த நிறுவனமே இன்று இல்லை. உடன் வந்த பழைய டிரைவர் மென்பொருளைத் தவிர வேறெதுவும் அதற்கு ஒத்துவராது.

2. ஏப்ரல் 22 அன்று தங்கள் ஆய்வாளர் திரு. ஒஸ்மோன்குலோவ், எல்லா டிரைவர்களையும் புதுப்பிக்கச் சொல்லும் சுற்றறிக்கையுடன் வந்தார். ஓடுகிற இயந்திரத்தில் கைவைக்க வேண்டாம் என்றேன். "நீ பொறக்குறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் பாத்தவன்டா நான்" என்று பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சைக் குறி வந்தது. மிதவையைத் தூக்கிச் சோதிக்கலாம் என்றேன். "பச்சை வந்துருச்சுல்ல? அப்புறம் எதுக்குத் தம்பி மலை ஏறணும்?" என்றவர், ஆட்டுக்கறி ஆறுவதற்குள் சாப்பிடப் போய்விட்டார்.

3. மே 10 மாலை சேறு வந்தது. சைரன் வாய் திறக்கவில்லை. ஓடையோரம் குடியிருக்கும் அக்கா சைனாரா எஜே, பாறை உருளும் சத்தம் கேட்டு இரண்டு பிள்ளைகளையும் இடுக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். மாட்டுக்கொட்டகை போயிற்று. அப்போதும் திரையில் பச்சைதான்.

4. பழைய டிரைவரைப் போடலாம் என்றால் அது இருந்த குறுவட்டைக் காணோம். காலாவதிப் பொருள் என்று ஆய்வாளர் கழித்துவிட்டிருந்தார். காவலாளிப் பெரியவர் சாதிர் அகேயிடம் கேட்டேன். "செர்ரி மரத்துல கட்டித் தொங்கவிட்டிருக்கேன், போய்ப் பாரு. அது மினுக்குற மினுக்குல பழம் கொத்த ஒரு மைனா கிட்ட வரல. அந்த ஆபீசு கொடுத்ததுல உருப்படியா வேலை செஞ்சது அது ஒண்ணுதான்டா" என்றார். வட்டை அவிழ்த்துத் துடைத்து, டிரைவரை ஏற்றிவிட்டு, மலை ஏறி மிதவையைத் தூக்கினேன். ஊரில் அலறிய சைரன் மலைமேலேயே காதைக் கிழித்தது.

5. இப்போது, பழைய டிரைவரில் ஓடும் எங்கள் கணினி தங்கள் பட்டியலில் சிவப்பாக இருப்பதால் வியாழக்கிழமை ஒரு குழு வந்து மீண்டும் புதுப்பிக்குமாம். தங்கள் அச்சுப்பொறிக்கு எந்த டிரைவரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். இந்த அட்டைக்குப் போடுவதா வேண்டாமா என்பதை மிதவையைத் தூக்கிப் பார்த்தவன்தான் முடிவு செய்ய முடியும். பட்டியலில் நிறம் பார்ப்பவரால் முடியாது.

ஆகவே, குழுவை நிறுத்தி, விலக்கை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முடியாதென்றால் குழு வரட்டும். புதுப்பித்த பின், வெள்ளக்காலம் முடியும்வரை சைனாரா எஜே வீட்டிலேயே அவர்கள் தூங்கட்டும். எஜேயும் பிள்ளைகளும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், பேசியாகிவிட்டது.

இடம்: காரா-எரிக்
நாள்: மே 17, 2025

இப்படிக்கு,
எல்தியார் மாமிதோவ்
(கையொப்பம்)