கம்பத்தை மறைத்த முருகேசன்

பாய்,

இன்று காலை தேனாம்பேட்டை சிக்னலில் பேருந்து நின்றபோது, ஜன்னல் வழியே டீசலும் ஈரமண்ணும் கலந்த வாடை அடித்தது. சாலையோரத்தில் ஒரு பொக்லைன் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. என் கண் முதலில் அதன் ஓட்டுநர் இருக்கைக்குத்தான் போனது. இத்தனை வருஷம் ஆகியும் இந்தப் பாழாய்ப்போன பழக்கம் போகவில்லை.

அந்த இருக்கையில் ஆளே இல்லாமல் வண்டியை ஓட்டிக் காட்டுவதுதான் அப்போது நம் வேலை. மண் சரியும் இடத்துக்கு வண்டி மட்டும் போகட்டும், மனிதர் தள்ளி உட்காரட்டும் என்று. கோட்டூர்புரத்தில் ஆற்றுப் பக்கம் ஒரு காலி மனை. பொக்லைனின் கூரையில் இரண்டு கேமரா, நூறடி தள்ளித் தகரக் கொட்டகையில் நீங்கள். இடது கேமரா இடக்கண்ணுக்கு, வலது கேமரா வலக்கண்ணுக்கு. கனத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் திரையில் பள்ளம் அதன் ஆழத்தோடு தெரியும். அந்தப் படத்துக்கான புரோகிராம் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நீங்கள் அதை "சாரோட சினிமா" என்பீர்கள்.

தினமும் வேலை தொடங்குமுன் தரையில் ஒரு இளநீர்க் கூட்டை வைத்து, வாளியின் பல்லால் அதை மெல்லத் தொடுவீர்கள். தொட்டால்தான் அன்றைக்குப் படத்தை நம்புவீர்கள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

அன்று பார்வையிட வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அவர்கள் சரி என்றால்தான் வேலை தொடரும். கொட்டகையின் மறுகோடியில் வேறொரு திரைமுன் உட்கார்ந்தார்கள். முந்தின நாள் மழையில் நனைந்த கேமரா கேபிள்களை நான்தான் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தேன்.

"இளநீ வேணாம் பாய், நேரா ஆரம்பிங்க" என்றேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

பள்ளத்தில் ஒரு கம்பம் நட்டிருந்தோம். அதற்கு ஒரு சாண் முன்னால் வாளியை நிறுத்த வேண்டும். வாளி நகர்ந்துகொண்டிருந்தபோது, கம்பம் சாய்ந்திருப்பதைப் பார்த்து நம்மிடம் மண்வேலை செய்த முருகேசன் யாரிடமும் சொல்லாமல் உள்ளே இறங்கிவிட்டார். கொட்டகையிலிருந்து வெளியே பார்க்க முடியாது. நமக்குத் திரை ஒன்றுதான் கண்.

"இன்னா சார், முருகேசன் உள்ள கீறான்?"

நானும் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தேன். "கம்பத்துக்கு அந்தாண்டதான் நிக்கிறார். ஓட்டுங்க பாய், எல்லாரும் பாக்குறாங்க."

"அந்தாண்ட நின்னா கம்பம்தானே சார் அவன மறைக்கணும்? அவன் கம்பத்த மறைக்கிறானே."

"படம் தப்பா காட்டாது பாய். ஓட்டுங்க!"

நீங்கள் ஓட்டவில்லை. இன்ஜினை அணைத்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே ஓடினீர்கள். நானும் பின்னால் ஓடினேன். முருகேசன் கம்பத்துக்கு இந்தப் பக்கம் குனிந்து நின்றார். அவர் முதுகுக்கும் வாளியின் பல்லுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும் வந்தவர்களில் ஒருவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "தல சுத்திச்சி சார்" என்றீர்கள்.

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். "படம் பிரமாதம். ஆபரேட்டரை மாத்திடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கும் தலையாட்டினேன்.

சாயங்காலம்தான் கேபிள்களைப் பார்த்தேன். இரண்டும் ஒரே கறுப்பு. இடதை வலதில் சொருகியிருந்தேன். கிட்டே இருந்ததெல்லாம் தூரத்தில் தெரிந்தது அதனால்தான். யாருக்கும் தெரியாமல் சரிசெய்து கொட்டகையைப் பூட்டினேன்.

மறுநாள் உங்கள் சாமான்களை எடுக்க வந்தீர்கள். என்னைப் பார்த்து, "வரேன் சார், முருகேசன பாத்துக்கோங்க" என்றீர்கள். நீங்கள் போன பிறகு இடது கேபிளின் முனையிலும், அது சேர வேண்டிய இடத்திலும் சிவப்பு நூல் கட்டியிருப்பதைக் கண்டேன்.

உங்களைத் தேடி வந்து சொல்லியிருக்கலாம். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். நீங்கள் மவுத்தாகி அடக்கமான செய்திகூட மூன்று மாதம் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது.

உங்களுக்குப் பிறகு வந்தவர்கள் அந்த நூலைப் பார்த்துத்தான் கேபிளைச் சொருகினார்கள். ஒருமுறைகூட மாறவில்லை. நல்ல யோசனை, யார் கட்டியது என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்லியிருக்கிறேன் பாய்.