பேர் வெட்டிய குடம்

மே 12, திங்கள்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும் என்று இத்தனை நாள் இருந்தேன். மன்னிக்க. ஆபீசில் கொடுத்த டைரி, இதுவரை வெறுமனே கிடந்தது. யாரும் படிக்கப் போவதில்லை என்கிற தைரியம்தான்.

வெயில். மல்லசமுத்திரத்தில் பஸ் ஏறும்போதே முதுகெல்லாம் ஈரம்.

இன்றைய வேலை: ஜவ்வரிசிப் பாக்கெட்டுக்கு லேபிள் டிசைன். வந்தவர் சொன்னது: "பாயசம் கிண்ணத்துல பொங்கோணும்ங்க. பாத்தா வாயூறோணும்." கிண்ணத்தில் பாயசம் பொங்காது என்று சொல்ல வாய் வரவில்லை. பொங்க வைத்தேன்.

வழியில் பார்த்தவை:
போர் போடுகிற ரிக் லாரியின் பின்பக்கம் குழந்தைகள் பேர். மூத்தது பெரிய எழுத்தில். இளையது, இடம் பத்தாமல் மடக்கி.
டீக்கடை பெஞ்ச், கம்பத்தோடு சங்கிலி போட்டு. யார்மேலும் நம்பிக்கை இல்லை, ஆனால் எல்லோரையும் உட்காரச் சொல்கிறது.

மே 13, செவ்வாய்

வீட்டுக்கு வந்தால் ஹாலில் சாக்கு மூட்டைகள். அம்மாவும் அத்தையும் (அப்பாவின் அக்கா) திருச்செங்கோடு போய்ப் பாத்திரம் வாங்கி வந்திருக்கிறார்கள். குடம், அண்டா, தூக்குப்போசி, கரண்டிக் கட்டு.

"எதுக்குங்ம்மா இத்தன?"

"சும்மா கெடக்கட்டும் சாமி. ஊடுன்னா நாலு போசி வேண்டாமா?"

அத்தை அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

குடம் அழகு. கழுத்து ஒடுங்கி, வயிறு அகன்று, பெண்ணின் இடுப்பில் உட்காருவதற்கென்றே உருவான வடிவம். எங்கள் வீட்டில் குழாய் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டது. இனி எந்த இடுப்பு? ஆனாலும் குடத்தின் வடிவத்தை யாரும் மாற்றவில்லை.

தலைவலி. வெயில்தான்.

மே 14, புதன்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

ஆபீஸ் விட்டு வந்து, குடத்தின் ஸ்டிக்கர் பசையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். கழுத்துக்குக் கீழே, புள்ளி புள்ளியாக: சரவணன் – நந்தினி.

நந்தினி நான். சரவணன் யார்?

அண்டாவிலும் அதே. தூக்குப்போசியிலும். அதன் மூடியில்கூட. கரண்டியில் இடம் பத்தாமல் 'ச – ந'.

குடத்தைத் தூக்கிக்கொண்டே போய் நின்றேன். "யாருங்ம்மா இது?"

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். "அதுக்குள்ள பாத்துட்டியா? சனிக்கெழம சொல்லிக்கலாம்னாரு உங்கப்பா."

பிறகு எல்லாம் ஒரே மூச்சில். புதுச்சத்திரம். சொந்த ரிக் வண்டி. ஒரே பையன். ஞாயிறு பூ வைக்க வருகிறார்கள்.

"அவங்க என்னையப் பாக்கவே இல்லீங்களேம்மா."

"பாத்தாச்சு சாமி. போன மாசம் மண்டபத்துல உங்கிட்ட மோர் வாங்கிக் குடிச்சாங்களே, அந்தம்மாதான் பையனோட அம்மா. மறுக்கா கேட்டப்பவும் மொகஞ்சுளிக்காம ஊத்துனியாமா. பெருமையாச் சொன்னாங்க."

மோர். உப்புப் போதுமா என்று வேறு கேட்டேன் நான்.

"அதுக்குள்ள பேரு வெட்டலாங்களா?"

அத்தை முந்திக்கொண்டார். "வைகாசி பொறந்துட்டா பாத்திரக் கடையில கால் வெக்க முடியுமா அம்மணி? பேரு வெட்டறவங்கிட்ட நாளெல்லாம் நிக்கோணும். அதான் சித்திரையிலயே வெட்டிப்போட்டோம். ஒரு வேல முடிஞ்சுது பாரு."

குடத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன்.

அதைவிட அதிர்ச்சி: எழுத்து நன்றாக இருக்கிறது. 'ந'வின் வளைவு சுத்தம். அதைப் போய்க் கவனிக்கிறேனே என்று என்மேலேயே பயம்.

மே 15, வியாழன்

ஜவ்வரிசிக்காரர் புரூஃப் பார்க்க வந்தார். கிண்ணத்தை இடது பக்கம் தள்ளச் சொன்னார். பிறகு திரும்ப வலது பக்கம். பிறகு வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனில் அவர் மனைவிக்குப் படம் அனுப்பினார். வாடிக்கையாளர் கையெழுத்துப் போடாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. எங்கள் சின்ன ஆபீசிலேயே அப்படித்தான் வழக்கம். ஒரு பாக்கெட் ஜவ்வரிசிக்கு.

பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவி வந்தேன். கிண்ணம் வலது பக்கமே.

பேனா ரீஃபில் வாங்க வேண்டும்.

மே 16, வெள்ளி

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுத் திருச்செங்கோடு. வீட்டில் சொல்லவில்லை. பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டுகிறவர். மிஷின் சத்தம் பல்லைக் கூச வைத்தது.

ரொம்ப நேரம் நின்றேன். அவரே கேட்டார், "என்னங்க்கா, என்ன பேருங்க?"

"வெட்டறதுக்கு இல்லீங்க. வெட்டுனத அழிக்க முடியுங்களா?"

"தேச்சுத் தரலாங்க. சாச்சுப் பாத்தா தடந் தெரியும். என்ன, ஊட்டுல பாகம் பிரிச்சுட்டாங்களா?"

"இல்லீங்க. கல்யாணம் இன்னும் ஆகல."

மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "அண்ணந்தம்பி பிரிஞ்சா வருவாங்க. புருசம் பொண்டாட்டி தீத்துக்கிட்டா வருவாங்க. கல்யாணத்துக்கு முந்தியே அழிக்க வந்தது நீங்கதாங்க!"

பக்கத்தில் அண்டா வைத்துக்கொண்டு நின்ற அம்மாள் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன்?

மே 17, சனி

அப்பா லோடு இறக்கிவிட்டு மதியம் வந்தார். குளித்தார், சாப்பிட்டார், தூங்கினார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மா சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கலாம்.

அத்தை மட்டும்: "ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற? பேரு வெட்டுன போசியக் கடக்காரனே திருப்பி வாங்கமாட்டான். இனி என்ன ரோசன?"

அப்படியென்றால் குடத்துக்காக நான் போக வேண்டுமா? இது மனதுக்குள். வெளியே: "காப்பி வேணுங்களா அத்தை?"

சமையலறையில் அம்மா குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த குடம்.

"நாங் கொண்டாந்த போசியில எல்லாம் எங்கண்ணம் பேருதான் சாமி. மிச்சம் மொய் வெச்சவங்க பேரு. எம்பேரு ஒன்னுலயும் இல்ல. உனக்காச்சும் மின்னட்டும்னுதான் எல்லாத்துலயும் வெட்டச் சொன்னேன். கரண்டிக்கு வேண்டாம்னாங்க உங்கத்த, நாந்தான் உடல."

அம்மா போனதும் அலமாரியில் தேடிப் பார்த்தேன். உண்மை. தினமும் சோறு வடிக்கிற குண்டாவில், யாரென்றே தெரியாத ஒரு பழனிசாமி.

அம்மாமேல் கோபப்பட முடியவில்லை. கோபம் போகவும் இல்லை. சரவணன் நல்லவராகவே இருக்கலாம். அவரையாவது கேட்டார்களோ என்னவோ.

மே 18, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். சாப்பாட்டு நேரத்துக்கு முன் வந்துவிடுவார்களாம். அம்மாவும் அத்தையும் பூ வாங்கப் போயிருக்கிறார்கள்.

அப்பா ஹாலில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பேர் முன்னால் தெரியும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை, குடத்தைக் குழந்தை மாதிரி இறக்கி வைத்தது.

அண்டாவை ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தேன். நாற்காலி போதுமா என்று கேட்டேன். போதும் என்றார். ஃபேனைத் துடைக்கட்டுமா என்றேன். நேற்றே துடைத்தாயிற்று என்றார். நான் நகரவில்லை.

"என்ன சாமி? என்ன வேணும், சொல்லு."

முதல் தடவை சொன்னது எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"அவங்க வாரதுக்கு முன்னாடி என்னைய ஒரு தடவ கேளுங்ப்பா. வேண்டாம்னு சொன்னாலுஞ் செரின்னு நெனச்சுக்கிட்டுக் கேளுங்க."