சௌந்திரம் கேட்ட தண்ணீர்

கள்ளிக்காட்டு வலசு,
ஈசுவர வருஷம் ஆவணி மாதம் 10ஆம் தேதி.

சிரஞ்சீவி சென்னிமலைக்கு உன் அய்யன் வெள்ளியங்கிரி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் ஆத்தாளும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்குமேல் சுகம் என்று எழுத மனசு வரவில்லை. பினாங்கில் நீ நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. தங்கச்சி ஒரே நாளில் எப்படிப் போனாள், ராசு சித்தப்பா எழுதிய கார்டில் தேக அசௌக்கியம் என்று மட்டும்தானே இருக்கிறது, ஒன்றும் மறைக்காமல் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறாய். கார்டில் அப்படி எழுதச் சொன்னது நான்தான். நடந்ததை இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்க என்னால் ஆகாது, அதனால் எழுத்துக் கோணலாக இருந்தாலும் நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கப்பல் ஏறிய பிறகு கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்க ஆள் கிடைக்காமல் தவித்தேன் அல்லவா, அப்போது சௌந்திரத்துக்குப் பதின்மூன்று வயது. நான் ஓட்டுகிறேன் என்று வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்தவள்தான், பிறகு இறங்கவில்லை. பொட்டப்புள்ளை கவலை ஓட்டுவதா என்று ஊரில் பேசினார்கள். அதற்கு அவள், ஓட்டறது ஆம்பளையா பொட்டயான்னு மாடு கேக்குதா, உங்களுக்கு என்னத்துக்குங்க அந்தக் கவலை என்று கேட்டுவிட்டாள். வாய்த்துடுக்கு உன்னைவிட அதிகம். மயிலைக் காளையை அவள் திட்டுகிற திட்டை மனிதர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள், அது மட்டும் காதை ஆட்டிக்கொண்டு நடக்கும். மூன்று வருஷம் நம் மிளகாய்ச் செடியும் ராகியும் குடித்த தண்ணீர் எல்லாம் அவள் இறைத்தது. உன் கல்யாணத்தைப் பற்றியே பேச்சு. கூடப்பிறந்தவள் செய்கிற இணைச்சீருக்கு உன் பக்கத்தில் நின்று கூறைச்சேலைத் தலைப்பைப் பிடிக்கப் போகிறவள் தான்தான் என்று அவளுக்கு ஒரே பெருமை. அண்ணன் கிளிப்பச்சைச் சேலை கொண்டாந்தாத்தான் தலைப்பைப் புடிப்பேன், இல்லாட்டி அவரு ஒண்டியா நிக்கட்டும் என்று அவள் சொன்னதை நான்தான் உனக்கு எழுதினேன்.

வைகாசிக் கடைசியில் இரண்டு ஊர் தள்ளி வாந்திபேதி என்று சொன்னார்கள். நம் ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டி மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றினோம், இனி வராது என்று இருந்துவிட்டோம். போன அன்றைக்குக் காலையில்கூட அவள் வழக்கம்போலக் கவலை ஓட்டினாள். வெயில் ஏறும் நேரத்தில் வயிறு சரியில்லை என்று வந்து படுத்தாள். உச்சிப் பொழுதுக்குள் கண் குழிக்குள் போய்விட்டது, விரல் எல்லாம் நெடுநேரம் நீரில் ஊறினது போலச் சுருங்கிவிட்டது. வைத்தியம் பார்க்கிற பெருமாயி வந்து, தண்ணி மட்டும் காட்டிப்போடாதீங்க சாமி, தண்ணி பட்டாப் பேதி நிக்காது என்றாள். நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தானே சொல்வது, என் தம்பிக்கும் சின்ன வயதில் அப்படித்தானே செய்தார்கள், அவனும்தான் பிழைக்கவில்லை, அது எனக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டில் இருந்த இரண்டு குடத்தையும் நானே தூக்கி வாசலில் வைத்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அய்யா, ஒரு மடக்குத் தண்ணி குடுங்க, ஒரே ஒரு மடக்கு என்று கேட்டாள். பொறு சாமி, பேதி நிக்கட்டும் என்றேன். எத்தனை முறை கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. ஏனுங்க, புள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிட்டுதுங்க, ஒரு வாய் குடுத்தாத்தான் என்னங்க என்று உன் ஆத்தாள் அழுதாள், அவளை அடிக்கக் கை ஓங்கினேன். நான் திரும்பிய நேரத்தில் அவள் முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து பிள்ளை வாயில் வைத்துவிட்டாள். சௌந்திரம் அதைப் பல்லால் கடித்துக்கொண்டு விடவில்லை. நான் பிடுங்கினேன் சாமி. பல்லில் இருந்து பிடுங்கினேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ஊசி போட வந்த சுகாதார ஆபீசர் விசாரித்துவிட்டு, தண்ணீரை யாரய்யா நிறுத்தச் சொன்னது, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரை விடாமல் கொடுத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாளே என்றார். உன் ஆத்தாளும் அங்கேதான் நின்றாள். அன்றைக்கு உள்ளே போனவள் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைக்கிறாள், பக்கத்தில் தண்ணீர்ச் செம்பையும் வைக்கிறாள், அந்தச் செம்பைப் பார்த்துக்கொண்டுதான் நான் சாப்பிடுகிறேன். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பெருமாயியைக் குறை சொல்லாதே, அவளும் தெரிந்ததைச் சொன்னாள். நிலைப்படியில் உட்கார்ந்தது நான்.

பெண் வீட்டார் துக்க வருஷம் கழியட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள், கல்யாணம் அடுத்த ஆனியில் வைத்துக்கொள்ளலாம். இணைச்சீருக்கு ராசுவின் மகள் பொன்னாயி நிற்பாள், சம்மதம் வாங்கிவிட்டேன். நீ கிளிப்பச்சைச் சேலையை ஏற்கெனவே வாங்கிவிட்டேன், இனி அதை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். பொன்னாயிக்கு வேறு வாங்கிக்கொள்வோம். கல்யாணம் ஆகாத பிள்ளை என்பதால் எரிக்காமல் நம் கிணற்று மேட்டிலேயே அடக்கம் செய்திருக்கிறோம், அந்தச் சேலை அங்கே சாத்துவதற்கு. மாடுகளை இப்போது நான்தான் ஓட்டுகிறேன், மயிலை நாலு நடை நடந்து நின்றுகொள்கிறது, எனக்கு அதைத் திட்ட வாய் வருவதில்லை. நீ அங்கே காய்ச்சாத தண்ணீரைக் குடிக்காதே. யாராவது சீக்கில் கிடந்து தண்ணீர் கேட்டால் யார் என்ன சொன்னாலும் கொடுத்துவிடு.

நீ தீர்க்காயுசாய் இருக்கவேண்டும், பிள்ளைகுட்டியோடு வாழவேண்டும். இதைப் படித்த பிறகு என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டாலும் உன் ஆத்தாளுக்காக வந்துவிடு. வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கிணற்று மேட்டுக்குப் போ. மூன்றாம் நாள் குழிக்குப் பாலும் தண்ணீரும் ஊற்றச் செம்பை என் கையில் கொடுத்தார்கள், என்னால் சாய்க்க முடியவில்லை, ராசுதான் வாங்கி ஊற்றினான். நீ உன் கையால் ஒரு குடம் நிறையச் சேந்தி அவள் தலைமாட்டில் ஊற்று. நான் இன்னும் ஊற்றவில்லை.

இப்படிக்கு,
உன் அய்யன்
வெள்ளியங்கிரி