ஆண் வாரிசு இல்லை என்று ஒரு சான்றிதழ்

இன்று காலை பெருமாநல்லூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்றவரின் சட்டையிலிருந்து நிட்டிங் மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிற மனிதர், நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். என் நிறுத்தம் வந்தும் நான் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தம் வரை அந்த வாசனைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு, பனியன் கம்பெனிக்குத் திரும்பி நடந்தேன். நீங்கள் கண்ணை மூடி நாலு வருசம் ஆகிறது. உங்கள் சட்டைகளைத் துவைத்துத் துவைத்து அந்த வாசனையை நானே போக்கிவிட்டேன்.

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்னவள் தர்ஷினி பிறந்த மூன்றாம் நாள் நினைவிருக்கிறதா? பெரியாஸ்பத்திரியில் என் உடம்பில் ரத்தமே இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அப்போது அந்த நர்சம்மா வந்து கட்டில் ஓரமாக நின்றார். "ரெண்டும் பொண்ணுங்களா? பெண் குழந்தை திட்டத்துல எழுதிக் குடுங்க. கவர்மெண்டே ரெண்டு பேர் பேர்லயும் பணம் போட்டு வெக்கும். பதினெட்டு முடிஞ்சா வட்டியோட கெடைக்கும். ஆனா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணியிருக்கோணும். பையன் இருக்கக்கூடாது" என்றார். பிறகு என் சீட்டைப் பார்த்து, "இவங்க ஒடம்புக்கு இப்ப ஆகாதே" என்று இழுத்தார்.

"ஒருத்தர்னா, நான் பண்ணிக்கலாங்களா?" என்று கேட்டீர்கள்.

நர்சம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு உங்களை நிமிர்ந்து பார்த்தார். நானும்தான் பார்த்தேன். கல்யாணமாகி ஐந்து வருசத்தில் அன்றுதான் உங்களை முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது.

செய்தி உங்கள் ஊர் குண்டடத்துக்குப் போகாமல் இருக்குமா? உங்கள் அண்ணன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். குழந்தையைப் பார்க்கவில்லை. நின்றபடியே பேசினார். "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? பையன் பொறக்காமப் போனா உன்ற பங்குக் காட்ட ஆருக்குடா குடுக்கறது?"

"என்ற புள்ளைகளுக்குக் குடுங்கண்ணா."

"கட்டிக் குடுத்துட்டா அது அடுத்தவன் காடு ஆயிரும். நம்ம அப்பன் ஒழச்ச காடு."

அதற்குப் பிறகு நீங்கள் அந்த நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபரேசன் முடிந்து சில நாள் ஓய்வுக்குப் பிறகு நிட்டிங் மெஷினுக்கே திரும்பிப் போனீர்கள். கூட வேலை செய்கிறவர்கள் என்னவெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள் என்று பாதியை மட்டும் என்னிடம் சொன்னீர்கள். மீதியை உங்கள் முகத்தில் பார்த்துக்கொண்டேன். "சிரிக்கறவன் சிரிச்சுட்டுப் போறான் அம்மிணி. உன்னய இன்னொருக்கா அந்தக் கட்டில்ல படுக்க வெக்க எனக்குத் தெகிரியமில்ல" என்றீர்கள்.

பிறகு சான்றிதழ்களுக்காக அலைச்சல். பிறப்பு, வருமானம், இருப்பிடம். கடைசியாக, ஆண் வாரிசு இல்லை என்று ஒரு சான்றிதழ். மற்றவர்கள் இருப்பதைக் காட்டக் காகிதம் வாங்குவார்கள். நீங்கள் இல்லாததைக் காட்ட ஒரு காகிதத்துக்காக ஷிப்டை விட்டுவிட்டு வரிசையில் நின்றீர்கள். பணத்துக்கான பத்திரங்கள் கைக்கு வந்த அன்று, பின்பக்கம் இருந்த விதிகளை எல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். ஒரு வரியில் விரலை வைத்து, "பத்தாவது பரீட்ச எழுதியிருக்கோணுமாம். இத மட்டும் மறந்துராத" என்றீர்கள். பத்தாவது எழுதாமல் எங்கே போய்விடுவார்கள் என்று நான் சிரித்தேன்.

உங்கள் சிறுநீரகம் கெட்டுப்போன வருசம், நான் அந்தப் பத்திரங்களை அடகு வைக்க ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். இதை வைத்து யாரும் எதுவும் தர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். கட்டிலிலிருந்து எழக்கூட முடியாத நீங்கள், "உள்ள வெச்சுரு அம்மிணி. அது நம்முளுதில்ல" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் இருக்கிற ஒரே நல்ல காகிதம் உங்களைக் காப்பாற்ற உதவாது என்றால், அது எதற்கு என்று இருந்தது. அந்தக் கோபத்தோடுதான் நீங்கள் இருந்த கடைசி மாதங்களைக் கழித்தேன்.

இனி சொல்லப்போவதுதான் உங்களுக்குத் தெரியாதது.

நீங்கள் போனபோது பெரியவள் நிவேதா ஒன்பதாவது. பரீட்சை முடிந்த லீவில், "நானும் கம்பெனிக்கு வர்றேம்மா. கைமடிக்கு ஆள் வேணும்னு காண்ட்ராக்டர் சொன்னாருல்ல" என்று அவளாகத்தான் கேட்டாள். தைக்கிறவர்களுக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை அடுக்குகிற வேலை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று அவள் யூனிபார்ம் கொடியிலேயே கிடந்தது. அப்போதும் சொல்லவில்லை.

நான் விதியை மறந்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். மறக்கவில்லை. உங்கள் விரல் எந்த வரியில் இருந்தது என்பது வரை நினைவிருந்தது. ஒரு வருசம் போகட்டும், அப்புறம் அனுப்பிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வருசம் மூன்று வருசம் ஆனது. அவள் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே கூடத்தில் அவள் தைக்கிறாள், நான் செக்கிங் மேசையில் நிற்கிறேன். பல நாள் அவள் தைத்த பனியனையே நான் விரித்துப் பார்த்துப் பிழை தேடினேன்.

பதினெட்டு முடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு அந்தத் திட்டத்தின் ஆபீசுக்குப் போனேன். விதியை யாராவது பார்க்காமல் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. மேசையில் இருந்த அம்மா பொறுமையாகக் காகிதங்களைப் புரட்டினார். "பத்தாவது மார்க் சீட்டுங்க?" என்றார். நிவேதா இல்லை என்று தலையாட்டினாள். "தனியாவாவது ஒருக்கா எழுதிட்டு வாங்க. பாஸு பெயிலெல்லாம் பாக்க மாட்டாங்க, எழுதியிருந்தாப் போதும்" என்றவர், கையிலிருந்த காகிதத்தை மறுபடியும் பார்த்தார். "ஆபரேசன் பண்ணுனது உங்க வீட்டுக்காரருங்களா? ஆம்பளைங்க பண்ணி நான் பாத்ததேயில்லீங்க."

நிவேதாவுக்கு அது அன்றுதான் தெரிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியாஸ்பத்திரி, குண்டடத்துக் காடு, நீங்கள் வரிசையில் நின்றது. கேட்டுக்கொண்டே வந்தவள், "பத்தாவது எழுதோணும்னு உனக்கு அப்பவே தெரியுமாம்மா?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "தெரியும் கண்ணு. தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போனேன்" என்றேன்.

இறங்கும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தங்கையிடம் போய், "உன்ற பத்தாவது புக்கக் குடு" என்றாள். தர்ஷினி இந்த வருசம்தான் பத்தாவதுக்குப் போயிருக்கிறாள். சின்னவள் சொல்லிக்கொடுக்க, பெரியவள் நூல் தூசு படிந்த விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தாள். என்னைப் பக்கத்தில் உட்கார விடவில்லை.

தனியாக எழுதுகிறவர்களுக்கு நடு வருசத்தில் வைக்கிற பரீட்சை, சரக்கு அனுப்புகிற ஷிப்மெண்ட் நேரத்தில் வந்தது. லீவு இல்லை என்றார்கள். கேட்காமலே போய் எழுதினாள். திரும்பி வந்தபோது அவள் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதம் மறுபடியும் கைமடி வேலை பார்த்த பிறகுதான் மெஷின் கிடைத்தது. கணக்கிலும் இங்கிலீஷிலும் பெயில். ஆபீசில் அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் மனுவை வாங்கிக்கொண்டார்கள். பணம் வரும்.

வரும் என்று தெரிந்ததும் உங்கள் அண்ணன் போன் செய்தார். நல்ல இடம் ஒன்று இருக்கிறதாம், கையோடு முடித்துவிடலாமாம். அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவளைக் கேட்டேன். இரண்டு பாடத்தையும் மறுபடி எழுதிவிட்டு ஏதாவது படிக்கிறாயா என்றும் கேட்டேன். "எனக்குத் தெரியலம்மா. மெஷின விட்டா எனக்கு வேற எதுவுமே தெரியல" என்றாள். பதினைந்து வருசம் காத்திருந்த பணம் அது. வந்து சேரும் முன்பே, அதை வைத்து வேறொரு பக்கம் போக நினைக்கிற மனசை நான் அவளிடமிருந்து எடுத்துவிட்டேன்.

இன்று மத்தியானம் காண்ட்ராக்டர் செக்கிங் மேசைக்கு வந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். "ஏனுங்க, சின்னப் பொண்ணும் வளந்துட்டாளாமா? நாளைக்கே கூட்டிட்டு வாங்க. பெரிய ஆர்டர் வந்திருக்குது" என்றார்.

"அவ பத்தாவது படிக்கறாளுங்க. அனுப்ப மாட்டேனுங்க."

"அவசரமில்லீங்க, யோசிச்சுச் சொல்லுங்க. மூத்தவளுக்கும் உங்களுக்கும் இங்க வேல இருக்கோணுமில்லீங்களா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"யோசிச்சுட்டேனுங்க."

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அவர் அடுத்த மேசைக்குப் போனார். நாளைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இருக்குமா என்று தெரியவில்லை. வாடகை வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. அடுத்த பனியனை எடுத்து விரித்தேன். தையல் கண்ணுக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது, எதிர் வரிசையில் நிவேதா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. மாட்டேன் என்பது இவ்வளவு சின்ன வார்த்தைதானா, இதைச் சொல்லவா உனக்கு அன்றைக்கு முடியவில்லை என்று கேட்பது போல இருந்தது. பிறகு தலையைக் குனிந்து மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.

அந்தப் பார்வையைத்தான் இன்று வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். இறக்கி வைக்க இடம் தெரியவில்லை.