‘ங்க’ வேண்டாம்

ஜூலை 7

மழை வரும்போல இருந்தது, வரவில்லை. ஈப்போவிலிருந்து காரிமங்கலம் வந்து மூன்றாவது வாரம். வாங்க வேண்டியது: சாக்பீஸ், கொசுவத்தி, குடை.

காலையில் பக்கத்து வீட்டு மாதேஸ்வரி, "சாப்டீங்களா மிஸ்ஸு?" என்றாள். "இன்னும் பசியாறல" என்றேன். எங்கள் மலேசியாவில் அதற்குக் காலைச் சாப்பாடு ஆகவில்லை என்று அர்த்தம். சாப்பிட்டும் எனக்குப் பசி அடங்கவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல். உருண்டை என் முகம் அளவு. நாளைக்கு இன்னும் பெரிதாக வரும். விளக்கிச் சொல்ல மனமில்லை, அவ்வளவு ருசி.

மாலை ஆங்கில வகுப்பு, பெண்கள் மட்டும். மாதேஸ்வரிக்கு வெள்ளிக்கிழமை போனில் இன்டர்வியூ. தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் போன் எடுத்துப் பேசும் வேலை. கேள்வி கேட்பது பெங்களூர் ஆபீஸ், எல்லாம் ஆங்கிலத்தில். கிடைக்காவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு பெங்களூர். புருஷன் அங்கே கட்டட வேலையில்.

ஜூலை 8

வெயில். தொண்டை கட்டிவிட்டது. காரணம் மாதேஸ்வரி.

"ஹவ் ஆர் யூ?"

"ஐ ஆம் ஃபைனுங்க."

"ங்க வேண்டாம்."

"சரிங்க. ஐ ஆம் ஃபைன்... ங்க."

ரிட்டயர் ஆகும்வரை இலக்கணத்தை அடித்துப் புகட்டியவள் நான். இப்படி ஒரு வியாதியைப் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கும் தொற்றிவிட்டது. யெஸ்ங்க, நோங்க. ஏன் என்று கேட்டால்:

"யூன்னா நீ தானுங்களே மிஸ்ஸு? அவங்க வேல குடுக்கறவங்க. மொட்டையா எப்பிடிங்க சொல்றது?"

பெங்களூர்க்காரர் சிரிப்பார், வேலை போய்விடும் என்று கத்திவிட்டேன். முகம் வாடிப் போயிற்று.

விளக்கு வைக்கும் நேரம், வாசலில் அவளே. கையில் சொம்பு. "சுக்குத் தண்ணிங்க. தொண்டைக்கு." திட்டினவளுக்குச் சுக்குத் தண்ணீர்! என்ன மனுஷி இவள்.

ஜூலை 9

குடை வாங்க தர்மபுரி. திரும்பும்போது மழை. புதுக் குடை திறக்கவில்லை (!). பஸ் நகர்ந்துவிட்டது. ஓடினேன், இந்த வயதில்.

உள்ளேயிருந்து யாரோ, "அண்ணா நிறுத்துங்க, இங்கிலீஷ் மிஸ்ஸு வராங்க!"

நின்றது. கத்தியது யாரென்று இன்னும் தெரியாது. ஓர் அம்மாள் பிள்ளையை மடியில் தூக்கிக்கொண்டு இடம் விட்டார். எங்கிருந்தோ தலை துவட்டத் துண்டு. "ரொம்ப நன்றி" என்றேன். அந்த அம்மாளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இதுக்கு எதுக்குங்க நன்றி? நாங்க என்ன வேத்தாளுங்களா?"

கண் நிறைந்துவிட்டது. வேற்றாள் நான்தான். கடல் தாண்டி வந்தவள். அது இங்கே யாருக்குமே தோன்றவில்லை.

ஜூலை 10

மேகமூட்டம். ஒத்திகை. ‘ங்க’ இல்லாமல் எல்லாப் பதிலும் சொல்லிவிட்டாள். கைதட்டல். ஆனால் பேச்சில் மாதேஸ்வரியைக் காணோம், யாரோ ரேடியோவில் வாசிப்பதுபோல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

களி இன்று இரண்டு உருண்டை.

ஜூலை 11

நல்ல காற்று. இரைச்சல் வேண்டாமென்று ஃபேனை நிறுத்தினோம். போன் மேஜைமேல், ஸ்பீக்கரில். ஆண் குரல். பெயர், ஊர், படிப்பு: பரவாயில்லை. இரண்டு இடத்தில் ‘ங்க’ நழுவியது. தலையில் கை வைத்துக்கொண்டேன்.

இந்த வேலை ஏன் வேண்டும் என்று கேட்டார். மாதேஸ்வரிக்கு வாய் அடைத்துவிட்டது. மனப்பாடம் செய்ததெல்லாம் போயிற்று. இனி பெங்களூர்தான் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கமிருந்து, மெதுவாக:

"டேக் யுவர் டைம்ங்க."

இந்தப் பக்கத்து ஆளா, அவள் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டாரா, தெரியாது. நான் பிடுங்கிப் பிடுங்கி எறிந்ததை, முகம் தெரியாத ஒருவர் எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டார்.

மாதேஸ்வரி சிரித்தாள். பேசினாள். "மை சில்ட்ரன் ஸ்கூல் ஹியருங்க. மை ஹவுஸ் ஹியருங்க. சிக் பீப்பிள் காலிங், ஐ வில் டாக் நைஸ்லிங்க."

இலக்கணம் ஓட்டை. எனக்கு ஒன்றையும் திருத்தத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

"தேங்க் யூ" என்றாள். அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தாள். போடுங்க என்று தலையாட்டினேன்.

"ங்க."